சுற்றி நிற்கும் பிள்ளைகள்

பள்ளியில் ஒரு பையன் இன்னொருவனைப் பட்டப்பெயர் வைத்துச் சீண்டினால், ஒருவனைத் திட்டுகிறோம், மற்றவனிடம் "நீ கண்டுக்காதே" என்கிறோம், அதோடு முடிந்தது. சுற்றி நின்று பார்த்த பிள்ளைகளை யாரும் கேட்பதே இல்லை. ஆனால் சீண்டல் தொடருமா நிற்குமா என்பதில் அவர்களுக்குத்தான் பெரிய பங்கு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கனடாவில் டெப்ரா பெப்ளர், வெண்டி கிரெய்க் ஆகிய உளவியலாளர்கள், பிள்ளைகளுக்குச் சின்ன மைக் மாட்டிவிட்டு, டொரன்டோ பள்ளி மைதானங்களைத் தள்ளி நின்று வீடியோ எடுத்தார்கள். அந்தப் பதிவுகளை வைத்து 2001-இல் வெளியான ஆய்வில், 88 சதவீதச் சீண்டல்கள் மற்ற பிள்ளைகளின் கண்முன்னேதான் நடந்திருந்தன. யாராவது தடுக்கப் போனது 19 சதவீதத்தில் மட்டும். அப்படிப் போனபோது பாதிக்கு மேல் பத்தே விநாடியில் நின்றுவிட்டது!

அப்புறம் ஏன் போவதில்லை? பயம் ஒரு காரணம், அடுத்து நம்மைப் பிடித்துக்கொள்வானோ என்று. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது: இது தப்பு என்று மனசுக்குள் நினைக்கிற பிள்ளைகூட, பக்கத்தில் எல்லாரும் பேசாமல் நிற்பதைப் பார்த்து இவர்களுக்கு இதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை போல என்று எடுத்துக்கொண்டு தானும் வாயை மூடிக்கொள்கிறது, அந்த மௌனத்தைப் பார்த்து அடுத்த பிள்ளையும் அப்படியே நினைக்கிறது.

இந்த மௌனத்தை உடைக்க முடியுமா என்று உளவியலாளர் எலிசபெத் லெவி பலக்கும் அவர் சகாக்களும் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 56 நடுநிலைப் பள்ளிகளில் பார்த்தார்கள். யாரோடு அதிகம் நேரம் கழிக்கிறாய் என்று இருபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டு, யார் யாரோடு சேர்கிறார்கள் என்று வரைபடமாகவே போட்டுவிட்டார்கள். பாதிப் பள்ளிகளில் ஒரு சிறு குழுவைக் குலுக்கல் முறையில் எடுத்து, உங்கள் பள்ளியில் எது பிரச்சினை என்று முடிவுசெய்வதை அவர்களிடமே விட்டார்கள். பிள்ளைகள் தாங்களே சுவரொட்டி எழுதினார்கள், சண்டையை விலக்கியவனுக்கு ஆரஞ்சு நிறக் கைப்பட்டை கொடுத்தார்கள். ஒரே ஆண்டில், மாணவர் மோதல்களுக்காக அந்தப் பள்ளிகளில் பதிவான ஒழுங்கு நடவடிக்கைகள், குழு இல்லாத மற்றப் பள்ளிகளைவிட சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தன.

குழுவில் எத்தனை பேர் என்பதைவிட யார் இருந்தார்கள் என்பதுதான் முக்கியமாக இருந்தது. யாரோடு நேரம் கழிக்கிறாய் என்ற கேள்விக்கு நிறைய பேர் பெயர் சொன்ன பிள்ளைகள் அதிகம் இருந்த குழுக்களில் பலன் கூடுதல். மற்றவர்கள் அவர்களைப் பார்த்துத்தான் இங்கே எது சரி என்று முடிவுசெய்கிறார்கள். நாமோ இந்த மாதிரி வேலைக்கு மார்க் எடுக்கிற, சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையைத்தான் கூப்பிடுவோம், கடைசி பெஞ்சில் பத்துப் பேர் சூழ உட்கார்ந்திருப்பவனைக் கூப்பிடவே மாட்டோம்.

இதற்காகத் தடுக்கும் பொறுப்பைப் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டு ஆசிரியர்கள் ஒதுங்கக் கூடாது, அடிதடி என்றால் பெரியவர்கள்தான் உள்ளே வர வேண்டும். எல்லாப் பிள்ளையும் எதிர்த்து நிற்க வேண்டும் என்பதும் இல்லை. சிரிக்காமல் இருப்பது, அப்புறம் போய்ப் பக்கத்தில் உட்காருவது, டீச்சரிடம் சொல்வது எல்லாமே உதவிதான்.

உங்கள் வகுப்பிலும் யாரோடு அதிகம் நேரம் கழிக்கிறாய் என்று தாளில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், பதில்களை யாருக்கும் வாசித்துக் காட்டாதீர்கள். அதிகம் வந்த பெயர்களைக் குறித்துக்கொண்ட பிறகு, ஒரு தாளில்கூட வராத பெயர் எது என்றும் தேடுங்கள்.