கல் கரைகிறது, ஈயம் நிற்கிறது

குன்னூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் வெலிங்டனில் இருப்பதால் பட்டாளம் எங்களுக்குத் தூரத்துச் செய்தி இல்லை. ஊர் முச்சந்தியில், போரில் இறந்தவர்களுக்காக ஒரு சலவைக்கல் பலகை நிற்கிறது. அதில் ஈயத்தில் பதித்த பெயர்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவற்றின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போவேன். எழுத்துகள் மேடாகத் தட்டுப்படும். அப்படித்தான் செய்து வைத்தார்கள் என்று பல வருடம் நம்பியிருந்தேன்.

ஈய எழுத்தைக் கல்லின் மட்டத்துக்கேதான் பதிப்பார்கள். முதலில் எழுத்தின் வடிவத்தில் பள்ளம் வெட்டி, பள்ளத்துக்குள் சாய்வாகச் சிறு துளைகள் போடுவார்கள். மெத்தென்ற ஈயத்தை வைத்து அடித்தால் அது துளைக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் பிதுங்கியதைச் சீவி, தடவினால் தெரியாத அளவுக்குத் தேய்த்துவிடுவார்கள். இன்றைக்கு எழுத்து மேடாக இருக்கிறதென்றால், சுற்றியிருந்த கல் இறங்கிவிட்டது என்று பொருள். ஈயம் தன்மேல் சாம்பல் நிறப் படலம் ஒன்றைப் போர்த்திக்கொண்டு மழையைத் தாங்கி நிற்கிறது. பழைய கல்லறைகளில் இந்த உயரத்தை அளந்துதான், எத்தனை வருடத்தில் எவ்வளவு சலவைக்கல் போனது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

சரி, கல் எப்படிக் கரையும்? சலவைக்கல் என்பது பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் மாறிய சுண்ணாம்புக்கல். பெரும்பகுதி கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். மழைத்துளி விழும் வழியில் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு மெல்லிய கார்பானிக் அமிலமாகிறது. சோடாவில் இருப்பதும் இதே அமிலம்தான். புகையே இல்லாத ஊரின் மழைக்கும் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் 5.6 அளவில்தான் இருக்கும்; 7-க்குக் கீழே இறங்கினாலே அமிலம். இந்த நீர் பட்டதும் கால்சைட், நீரில் கரையும் பைகார்பனேட்டாக மாறி, துளியோடு வழிந்துவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். காற்றோடு சமநிலையில் உள்ள ஒரு லிட்டர் நீர், 25 டிகிரியில் சுமார் 50 மில்லிகிராம் கால்சைட்டைக் கரைக்கும். ஒரு சதுர மீட்டர் கல்லில் ஒரு மீட்டர் மழை விழுந்தால் 1,000 லிட்டர். அது அதிகபட்சம் 50 கிராம் கல்லைக் கொண்டுபோகும். தடிமனில் சொன்னால் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. உதகையில் வருடத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. நூறு வருடத்தில் 2 மில்லிமீட்டர் வரை போகலாம். நிமிர்ந்து நிற்கும் பலகையில் நீர் தங்காமல் ஓடுவதால் இழப்பு குறையும். ஆனால் சிறிய எழுத்தின் ஆழமே சில மில்லிமீட்டர்தான்.

மலையில் இன்னொரு சங்கதியும் உண்டு. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். கால்சைட் நேர்மாறு, குளிர்ந்த நீரில்தான் அதிகம் கரையும். குளிர்ந்த நீர் கரியமில வாயுவையும் கூடுதலாகப் பிடித்து வைக்கும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது இதன் மறுபக்கம்: சூடேறியதும் கரைந்திருந்த சுண்ணாம்பு வெளியே வந்துவிடுகிறது. ஆகவே ஒரே அளவு மழைக்கு, மதுரையைவிட எங்கள் ஊரில் சலவைக்கல்லை அதிகம் கரைக்கும் வலு இருக்கிறது.

கரைவதைவிட எனக்கு விந்தையாகப் பட்டது வேறு. கால்சைட் படிகம் வெயிலில் ஒரு திசையில் விரியும், குறுக்குத் திசையில் சுருங்கும். சலவைக்கல்லுக்குள் படிகங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் கிடக்கின்றன. பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் ஒன்றை ஒன்று நெருக்கி நெருக்கி, அவற்றுக்கிடையே இருந்த பிடி தளர்கிறது. கடைசியில் விரலால் தேய்த்தாலே சீனி மாதிரி உதிரும். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரக் கல்லறைகளை ஆராய்ந்த புவியியலாளர் ஆர்ச்சிபால்ட் கீக்கி, அந்த ஊர் மாதிரிக் காலநிலையில் திறந்த வெளியில் சலவைக்கல் நூறாண்டு தாங்காது என்று 1880-இலேயே சொன்னார். தளர்ந்த இடுக்குகளில் டிசம்பர், ஜனவரி உறைபனி புகுந்தால், நீர் உறையும்போது 9 சதவீதம் பருத்து இன்னும் பிளக்கும். பிரியாணிக்குப் போடும் கல்பாசியின் உறவுகள் வேறு கல்மேல் படர்ந்து ஆக்சாலிக் அமிலம் சுரக்கின்றன.

இத்தனைக்கும் நடுவே மனிதர்கள். ஒரு குடியரசு நாளுக்கு முதல் நாள், பலகை பளிச்சென்று இருக்கட்டும் என்று கழிவறை ஆசிட்டை ஊற்றினார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். நுரை பொங்கியது, அழுக்கு போகிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். அந்த நுரை கரியமில வாயு. கல்தான் போய்க்கொண்டிருந்தது. மழை பல வருடத்தில் செய்யும் வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. எனக்கு இன்றும் ஆறவில்லை. சுத்தமான தண்ணீரும் மெத்தென்ற பிரஷ்ஷும் போதும். கம்பி பிரஷ், ஆசிட் இரண்டும் கூடவே கூடாது.

எங்கள் காலடியில் கிடப்பதோ வேறு கல். நீலகிரியின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் கருங்கல், வயது சுமார் 250 கோடி ஆண்டு. கொல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை இந்த வகைக் கல்லால் ஆனது. அதை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் சார்னாக்கின் பெயரையே கல்லுக்கு வைத்தார். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்னும் கடினமான கனிமங்கள் நிறைந்த இந்தக் கல்லை மழை கரைக்க மிக மிக நாளாகும். ஆனால் செதுக்குவது பெரும்பாடு. சலவைக்கல்லில் இரும்பு ஆணியே கீறல் போடும், அதனால்தான் பெயர் வெட்ட அதைத் தேடிப் போனார்கள்.

போன மாதம் ஒரு பாட்டி, தன் பெரியப்பா பெயர் இந்தப் பலகையில் இருந்தது, இப்போது காணோம் என்றார். அந்த வரிசையில் ஈயம் உதிர்ந்துவிட்டிருந்தது. இருட்டிய பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு டார்ச்சோடு போனேன். நேராக அடித்தால் வெறும் வெள்ளை. பலகையை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது, எஞ்சிய பள்ளங்களின் விளிம்பில் நிழல் விழுந்தது. ஈயம் பிடித்திருந்த துளைகள் கரும்புள்ளிகளாகத் தெரிந்தன. புள்ளிகளைச் சேர்த்துச் சேர்த்து நோட்டில் எழுதினேன். நான்காவது எழுத்து வருவதற்குள் பாட்டி முழுப் பெயரையும் சொல்லிவிட்டார்.