ஏற்காட்டுக்கு ஏறுமுன் டியூவை இறக்குங்கள்

"இந்த ஓட்டம் போதும் சார். ஏற்காட்டுப் பக்கம் கொஞ்சம் இடம் வாங்கிப் போட்டுட்டு நிம்மதியா இருக்கணும்." குடும்ப வரவுசெலவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் நாற்பதைத் தாண்டியதும் பெரும்பாலும் சொல்வது இதுதான். ஆசை நியாயமானது. ஆனால் அதை இடம் வாங்குவதில் தொடங்கினால், இடத்துக்கு ஒரு கடன், கடனுக்கு ஒரு டியூ, டியூவுக்காக இன்னும் பத்து வருஷம் அதே ஓட்டம்.

மாதம் பிறந்தால் கட்டியே தீரவேண்டிய தொகைதான் நம்மை ஓட வைக்கிறது. ஒரு தாளில் அதை மட்டும் எழுதுங்கள்: வீட்டுக் கடன், வண்டிக் கடன், நகைக்கடன் வட்டி, கார்டில் தவணையாக மாற்றியவை, வருஷப் பள்ளிக் கட்டணத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. சீட்டை எல்லோரும் சேமிப்புப் பக்கம் எழுதுவார்கள். எடுக்காத சீட்டு சேமிப்பு, சரி. எடுத்துச் செலவழித்துவிட்ட சீட்டு கடைசித் தவணை வரை கடன்தான். அதை இந்தப் பக்கம் கொண்டுவந்து கூட்டிப் பாருங்கள். கைக்கு வரும் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், வேலையை விடும் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வைப்பதே நல்லது.

இந்தத் தொகையை இறக்குவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வீட்டுக் கடனில் மொத்தமாக ஒரு தொகை கட்டும்போது தவணைக் காலத்தைக் குறைக்கலாம், அல்லது மாதத் தவணையைக் குறைக்கலாம். காலத்தைக் குறைத்தால் வட்டி அதிகம் மிச்சம். வழக்கமாக எல்லோருக்கும் நாங்கள் சொல்வதும் அதுதான். வருமானம் குறையப்போகிறவருக்கு மட்டும் அது பொருந்தாது. அவருக்கு மாதக் கட்டாயம் இறங்குவதுதான் முக்கியம். 8.5% வட்டி, 15 வருஷம் மீதி என்றால், கட்டும் ஒவ்வொரு லட்சத்துக்கும் தவணை சுமார் 985 ரூபாய் இறங்கும். ஐந்து லட்சத்துக்கு மாதம் 4,900-க்கு மேல். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. மாதத் தவணையைக் குறைக்கும்படி எழுத்தில் கொடுங்கள். சும்மா கட்டிவிட்டு வந்தால் தவணை அப்படியே இருக்க, காலம் மட்டும் குறைந்துவிடக்கூடும். புதிய தவணை அட்டவணையைக் கையில் வாங்கிப் பார்த்துவிடுங்கள். ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணத்தை மட்டும் இதற்காகத் தொடவே வேண்டாம்.

அடுத்தது ஒத்திகை. வேலையில் இருந்துகொண்டே, குறையப்போகும் வருமானத்தில் மூன்று மாதம் குடும்பம் நடத்திப் பாருங்கள். மீதிச் சம்பளம் ஒன்றாம் தேதியே வேறு கணக்குக்குப் போய்விட வேண்டும். மாசி, பங்குனியில் செய்யாதீர்கள், அப்போது எந்தக் கணக்கும் சரியாகத்தான் வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செய்யுங்கள். பள்ளி திறப்பு, சேலம் கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு வீடு நிறைய உறவு, ஆவணி முகூர்த்தத்து மொய். பெரும்பாலான கணக்குகள் மொய்யில்தான் உடைகின்றன. எந்தச் செலவை விடலாம் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து முடிவு செய்யாத வீட்டில் இரண்டாவது மாதமே சண்டை வந்துவிடும்.

வேலையை விடும் தேதியை உண்மையில் தீர்மானிப்பது மருத்துவக் காப்பீடு. அலுவலகக் குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு ஏற்கெனவே இருந்தால், புதிய பாலிசியில் அவற்றுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருஷம் வரை இருக்கலாம். ஆகவே வேலையில் இருக்கும்போதே, மூன்று வருஷம் முன்னதாகவே, குடும்பத்துக்குச் சொந்தப் பாலிசி எடுங்கள். நோயை மறைக்காதீர்கள், க்ளெய்ம் நிராகரிக்கப்படுவதற்கு அது ஒன்றே போதும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து வருஷப் பணி வேண்டும். அதை நெருங்கியிருந்தால் சில மாதம் பொறுத்துப் போங்கள்.

இவ்வளவும் ஆன பிறகும் ஏற்காடு கட்டாயமில்லை. அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் பக்கத்தில் வாடகை வீடு, சூரமங்கலம் அல்லது அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்குக் காலையில் நடை, ஒரே ஒரு வண்டி. பலருக்குத் தேவையான நிதானம் இதிலேயே கிடைத்துவிடுகிறது.

மலைதான் வேண்டும் என்றால் வாங்காமல் வாடகைக்குப் போங்கள், அதுவும் மே மாதத்தில் அல்ல, ஐப்பசி கார்த்திகையில். துவைத்த துணி நாலு நாளானாலும் ஈரமாகவே இருக்கும், சுவரில் பூஞ்சை ஏறும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. வீட்டில் இதய நோயாளியோ வயதான பெற்றோரோ இருந்தால், இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துப் பெரியாஸ்பத்திரி வர இரவில் எவ்வளவு நேரமாகிறது என்று ஒருமுறை வண்டியில் வந்து பாருங்கள். மலையிறங்கும் இன்னொரு பாதையான குப்பனூர் வழியிலும் ஒருமுறை.