சாட்பாட், ஃப்ளோ: தமிழில் என்ன சொல்லலாம்?

வாட்ஸ்ஆப்பில் ஒரு நிறுவனத்துக்கு ‘ஹாய்’ என்று அனுப்பியதும் வணக்கம் சொல்லி, மூன்று பொத்தான்களை நீட்டி, எது வேண்டும் என்று கேட்கிறதே, அந்த மென்பொருள்தான் சாட்பாட். எந்தக் கேள்விக்குப் பின் எந்தக் கேள்வி, என்ன பதில் வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்று அதற்காக முன்கூட்டியே வரைந்து வைக்கும் திட்டம் ஃப்ளோ. இந்த வேலையில் இருப்பவர்கள் ‘பாட்’, ‘ஃப்ளோ’ என்றே பேசிக்கொள்கிறார்கள். பேச்சுக்கு அது போதும். கையேடோ பாடமோ எழுத உட்காரும்போதுதான் தமிழ்ச் சொல் தேவைப்படுகிறது.

முதலில் சாட்பாட். ஆங்கிலத்தில் ‘சாட்’ என்பது ‘சாட்டர்’ என்பதன் சுருக்கம். பறவைகள் கீச்சிடும் ஓசையிலிருந்து பிறந்த ஒலிக்குறிப்புச் சொல், பிறகு மனிதர்களின் வெட்டிப்பேச்சுக்கும் ஆனது. ‘பாட்’ என்பது ரோபாட்டின் வால். ரோபாட் என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்தது செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் வெளியிட்ட ‘ஆர்.யு.ஆர்.’ நாடகம். சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப். செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்றால் நிலவுடைமையாளருக்குக் கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய கட்டாய உழைப்பு. நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் இதே உழைப்புக்கு ‘வெட்டி’ என்று பெயர். ஆக, சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் சாட்பாட்டின் இரண்டு பாதிக்கும் ‘வெட்டி’ ஒன்றே போதும் போலிருக்கிறது! விளையாட்டாகச் சொல்கிறேன், யாரும் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிட வேண்டாம்.

இரண்டையும் ஒட்டி ‘சாட்டர்பாட்’ என்று 1994இல் எழுதியவர் அமெரிக்கக் கணினி அறிஞர் மைக்கேல் மால்டின். நாளடைவில் நடு அசை தேய்ந்து சாட்பாட் ஆயிற்று. பெயர் வருவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு முன்பே பொருள் வந்துவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் வைசன்பாம் எழுதிய எலைசா நிரல் பற்றிய கட்டுரை 1966இல் வெளியானது. மனநல மருத்துவரைப் போலப் பேசியது அது. உண்மையில் எதையும் புரிந்துகொள்ளவில்லை. நாம் தட்டிய வரியில் குறிப்பிட்ட சொல் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் ‘என்’ என்பதை ‘உங்கள்’ என்று மாற்றி, நம் வரியையே கேள்வியாகத் திருப்பிவிடும். ஒன்றும் சிக்காவிட்டால் ‘மேலே சொல்லுங்கள்’ என்ற தோரணையில் ஒரு பொதுப்பதில். இந்த விதிகளின் தொகுப்புக்கு வைசன்பாம் வைத்த பெயர் ‘ஸ்கிரிப்ட்’, நாடகத்துக்கு எழுதும் வசனப்பிரதி. நிரலின் பெயரும் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடக நாயகியிடமிருந்து வந்ததுதான்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘அரட்டை இயலி’, ‘அரட்டைப் பொறி’ என்றெல்லாம் எழுதுவதுண்டு. சாட் என்றதும் அரட்டை நினைவுக்கு வருவது இயல்பு. நண்பர்கள் பேசிக்கொள்ளும் செயலிக்கு ஜோஹோ நிறுவனம் ‘அரட்டை’ என்று பெயர் வைத்தது மிகப் பொருத்தம். ஆனால் காசு பிடித்தும் டிக்கெட் வராமல் தவிக்கிறவரிடம் ‘எங்கள் அரட்டை இயலியிடம் சொல்லுங்கள்’ என்றால் அவருக்கு எரிச்சல்தான் வரும். அரட்டைக்கு நோக்கம் கிடையாது. வாடிக்கையாளர் சேவைக்கு நோக்கத்தைத் தவிர வேறெதுவும் கிடையாது.

நான் ‘உரையாடி’ என்ற பக்கம். உலாவி, செயலி, கைபேசி வரிசையில் இகர ஈறு பெற்று இயல்பாக உட்காருகிறது. ‘உரையாடி முடித்தார்’ என்னும்போது அது வினையெச்சமும் ஆகிறதே என்று கேட்பார்கள். ‘உலாவி’க்கும் அதே சிக்கல் உண்டு, அதனால் யாரும் அதைக் கைவிடவில்லை. உரையாடிகள், உரையாடியில் என்று பன்மையும் வேற்றுமையும் ஏறினால் குழப்பம் தீர்ந்துவிடும். ஆளைக் குறிப்பதாகத் தோன்றினால் முதல் முறை ‘தானியங்கி உரையாடி’ என்று எழுதிவிடலாம். பாட் என்பதற்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் தானியங்கி என்றே வழங்குகிறார்கள்.

ஃப்ளோவில்தான் தடுமாற்றம் அதிகம். ‘உரையாடல் ஓட்டம்’ என்று பெயர்ப்பவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. ‘பேச்சோட்டத்தில் சொல்லிவிட்டேன்’ என்றால் யோசிக்காமல் வாய்தவறிச் சொன்னேன் என்று பொருள். ஃப்ளோ இதற்கு நேர் எதிர்: ஒவ்வொரு வாக்கியமும் யோசித்து வைத்தது. அது ஃப்ளோசார்ட்டின் வாரிசு. கட்டங்கள், அம்புக்குறிகள், ஆம்/இல்லை என்று பிரியும் கிளைகள், எல்லாம் அதே படம்தான். ஃப்ளோசார்ட்டுக்குப் பள்ளிக் கணினி அறிவியல் பாடத்தில் ‘பாய்வுப்படம்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. எனவே ‘உரையாடல் பாய்வு’. 

சென்னை மெட்ரோ 2023 மே மாதம் தொடங்கிய வாட்ஸ்ஆப் பயணச்சீட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வணக்கம், எங்கிருந்து, எங்கே, எத்தனை பேர், கட்டணம், கடைசியில் க்யூஆர் குறியுடன் சீட்டு. இதற்குச் செயற்கை நுண்ணறிவு தேவையே இல்லை, பாய்வு ஒழுங்காக இருந்தால் போதும். மாறாக, 2022 இறுதியில் வந்த சாட்ஜிபிடியும் உரையாடிதான், ஆனால் அதற்குள் இப்படி வரைந்து வைத்த பாய்வு கிடையாது. இன்னொரு எச்சரிக்கை: வாட்ஸ்ஆப் 2023இல் ‘ஃப்ளோஸ்’ என்ற பெயரிலேயே ஒரு வசதியை அறிவித்தது. அது உரையாடலுக்குள்ளேயே திறக்கும் படிவம். அதைப் பாய்வு என்று மொழிபெயர்க்காமல் பெயர்ச்சொல்லாகவே விட்டுவிடுவது நல்லது.

பாய்வுக்குள் வரும் சொற்கள் சில. அதைத் தொடங்கிவைக்கும் ‘ட்ரிகர்’ தூண்டல். வாடிக்கையாளர் எதற்காக வந்தார் என்ற ‘இன்டென்ட்’ நோக்கம். ‘எண்ணம்’ என்றால் மனத்துக்குள் புகுந்ததாகிவிடும். எதுவும் புரியாதபோது சொல்லும் ‘ஃபால்பேக்’கைப் ‘பின்வாங்கல்’ என்று ஒரு கையேட்டில் பார்த்தேன். போர்க்களம் நினைவுக்கு வந்தது. எலைசா செய்ததும் அதுதான் என்பதால் ‘பொதுப்பதில்’ போதும். உரையாடி கையை விரித்து மனிதரிடம் அனுப்பும் ‘ஹேண்ட்ஆஃப்’ இருக்கிறதே, அதைக் ‘கைமாற்று’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அடுத்த வாரம் தருகிறேன் என்று பக்கத்து வீட்டில் வாங்கும் கடனுக்குத்தான் அந்தப் பெயர். ‘ஆளிடம் ஒப்படைத்தல்’ தெளிவாக இருக்கிறது. வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் கடந்துவிட்டால், முன்னரே ஒப்புதல் பெற்ற செய்திகளை மட்டுமே நிறுவனம் அனுப்ப முடியும் என்பது வாட்ஸ்ஆப்பின் விதி. அந்த ‘டெம்ப்ளேட்’டுக்கு வார்ப்புரு என்ற சொல் நன்றாகவே ஊன்றிவிட்டது.

சொல் கிடைத்தாலும் பொத்தானுக்குள் அடங்க வேண்டுமே. வாட்ஸ்ஆப் பதில் பொத்தானில் 20 குறிகள்வரைதான் எழுதலாம். ‘முன்பதிவை ரத்து செய்க’ என்பதில் நம் கணக்குக்குப் பதினோரு எழுத்து. கணினியோ புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணும், இடைவெளியையும் விடாது. அதன் கணக்கில் 21. கடைசி ‘க’வை எடுத்தால் சரியாக 20, ஆனால் ‘செய்’ என்று வாடிக்கையாளர் ஏவுவது போலாகிவிடும். முன்பதிவைப் பற்றி மேலே உள்ள செய்தியில் கேட்டுவிட்டு, பொத்தானில் ‘ரத்து செய்க’ என்று மட்டும் எழுதினால் அடங்கிவிடும்.