‘அணுகுதிறன்’ என்றால் யாருடைய திறன்?

‘இவ்வளாகத்தின் அணுகுதிறன் மேம்படுத்தப்பட்டுள்ளது’ என்று ஒரு அலுவலக வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். வாசலுக்கு நாலு படி. கீழே சக்கர நாற்காலியில் இருந்தபடி அதைப் படித்தேன். படிகூடப் பழகிப்போன விஷயம், எரிச்சல் வந்தது அந்தச் சொல்லின் மேல்தான். பயிலரங்கு, அறிக்கை, துண்டறிக்கை, எங்கே பார்த்தாலும் இப்போது ஆக்செசிபிலிட்டிக்கு, அதாவது ஓர் இடம் எல்லோரும் தடையில்லாமல் போய்வரும்படி இருப்பதற்கு, அணுகுதிறன் என்றே எழுதித் தள்ளுகிறார்கள்.

மூலத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஆக்செஸ் என்பது, பக்கம் போவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழில் அதற்கு அணுகு இருக்கிறது, எங்கேயும் தேட வேண்டாம். அண்மை, அணித்து, அணுக்கம் எல்லாம் அதே குடும்பம். ‘அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க’ என்கிறது குறள் (691). தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஒரு வாசலுக்கே திருவணுக்கன் திருவாயில் என்று பெயர். அணுக்கன் என்றால் நெருங்கி நிற்கும் உரிமை உள்ளவன். (அந்த வாசலுக்கும் படியேறித்தான் போக வேண்டும். ராஜராஜனிடம் நான் சண்டைக்குப் போகவில்லை, விடுங்கள்.)

ஆக, அணுகு சரி. தொல்லை வாலில் இருக்கிறது.

கேட்கும் திறன் காதுடையது, கற்கும் திறன் பிள்ளையுடையது. வினையோடு திறன் சேர்ந்தால் அது அந்த வினையைச் செய்கிறவரின் வல்லமை. அப்படியானால் அணுகுதிறன் யாருடையது? கட்டிடம் எழுந்து போய் யாரையும் அணுகப் போவதில்லை, மிச்சம் இருப்பது நான். அதாவது உள்ளே போக முடியாவிட்டால் திறன் போதாதது எனக்கு! என் கைக்கு வலு உண்டு, வரப்பைத் தவிர வேறு எங்கேயும் நானே உருட்டிக்கொண்டு போய்விடுவேன், முக்கால் அடி உயரத்துக்கு நிலைப்படி வைத்தவன் நான் இல்லை.

இந்தத் திறன் எப்படி வந்து ஒட்டியது என்று ஊகிக்க முடிகிறது. சொல்லின் கடைசியில் எபிலிட்டி என்று காதில் விழுந்ததும் மொழிபெயர்ப்பாளர் கை தானாகத் திறன் என்று எழுதிவிடுகிறது. ஆங்கிலத்திலேயே தனிச்சொல்லாக வரும் ஏபிள் வேறு, விகுதியாக வரும் ஏபிள் வேறு, பிறப்பும் வேறு. விகுதிக்குச் ‘செய்யத்தக்க’ என்றுதான் பொருள். அதற்கு நம்மிடம் ‘தக்க’ இருக்கிறதே. குடிக்கத்தக்க தண்ணீர் என்கிறோம். குடிதிறன் உள்ள தண்ணீர் என்று எழுதிப் பாருங்கள், டாஸ்மாக் வாசலில் நிற்கிறவரைப் பற்றி ஏதோ சொல்ல வருகிறோம் என்று நினைப்பார்கள்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர், சொல் பழகிவிட்டால் யார் இப்படிப் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று வாதாடினார். பிரித்துப் பார்க்க வேண்டியதே இல்லை, அந்த நினைப்பு ஏற்கெனவே ஊருக்குள் இருக்கிறது, சொல் அதற்குச் சான்றிதழ் கொடுக்கிறது. கல்யாண மண்டபத்தில் பந்தி மாடியில் என்றால் ‘உங்களால ஏற முடியாதே சார்’ என்பார்கள், ‘எங்க மண்டபத்துல வழி இல்லை’ என்று ஒருவர்கூடச் சொல்ல மாட்டார். உடனே செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை வரும், எனக்கு மட்டும் இலை விழும். அன்பாகத்தான் செய்கிறார்கள், ஆனால் இரண்டாம் தடவை சாம்பார் கேட்க ஆள் இருக்காது. அப்புறம், கூட வந்த தம்பியைப் பார்த்து ‘அண்ணன் மோர் சாப்பிடுவாங்களா’ என்று கேட்பார்கள்.

காவிரிப் பக்கம் தண்ணீர் ஏறும் ஊர்களில் மேடாக்கிக் கட்டுவது நியாயம். ஆனால் சக்கர நாற்காலி ஏறச் சரிவாகப் போடும் சாய்தளத்துக்குக் கணக்கு 1:12, ஓர் அடி உயர்ந்தால் 12 அடி நீளம் வேண்டும். மூன்றடி மேட்டுக்கு 36 அடி. கொத்தனார் நாலடியில் முடித்துவிடுவார், பைக் ஏற்ற அது போதும். அதைக் காட்டித்தான் அணுகுதிறன் உண்டு என்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன், அதில் ஏறத் திறன் வேண்டும்தான்.

சட்டம் இவ்வளவு குழம்பவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, விதிகள் வந்த ஐந்தாண்டுக்குள் பழைய பொதுக் கட்டிடங்களையும் மாற்றச் சொன்னது. விதிகள் வந்தது 2017 ஜூன், கெடு எப்போதோ போய்விட்டது. ஒருவர் வந்து கேட்ட பிறகு செய்து தருவது வேறு, கேட்கும் முன்பே இடம் தயாராக இருப்பது வேறு என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் பிரித்துச் சொல்லிவிட்டது.

மாற்றுத்திறனாளியிலும் திறன் இருக்கிறதே என்பீர்கள். அந்தப் பெயரைக் கொடுத்தவர் கலைஞர், திருக்குவளைக்காரர், எங்கள் பக்கத்து ஆள். எனக்கு அதில் முழு உடன்பாடு கிடையாது, ஆனாலும் அது ஆளைக் குறிக்கும் சொல், திறன் ஆளோடு நிற்கிறது, இலக்கணம் கெடவில்லை. மத்திய அரசு 2015 டிசம்பர் 3-இல் தொடங்கிய சுகம்ய பாரத் இயக்கத்தின் பெயரும் எளிதில் போகத்தக்க இடத்தைத்தான் சொல்கிறது, ஆனால் நம் கண்ணுக்கு அதில் சுகம்தான் தெரியும், ஏதோ ஆஸ்பத்திரித் திட்டம் போலிருக்கும்.

அணுகல்தன்மை என்பதைக் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். பிழையில்லை, கனம் அதிகம். என் ஓட்டு, பெயருக்கு அணுகல், அடைமொழிக்கு அணுகத்தக்க. அணுகத்தக்க பேருந்து, அணுகத்தக்க கழிப்பறை. தடையற்ற சூழல் என்று அரசு எழுதுவதும் நல்ல தமிழ்தான், தடை எங்கே என்று தேட வைக்கிறது. அணுகல் வசதி மட்டும் வேண்டாம். வடசொல் என்பதற்காகச் சொல்லவில்லை. நான் சோபா போட்டுத் தரச் சொல்லவில்லையே.

பேச்சுக்கு இதுகூடத் தேவையில்லை. ‘வாசல்ல எத்தனை படி? பாத்ரூம் கதவுக்குள்ள வீல்சேர் போகுமா?’ என்று போனில் கேட்டால் எந்த மண்டபத்து மேனேஜரும் டக்கென்று பதில் சொல்வார். கலைச்சொல் ஆக்குகிறவர்கள் ஒரு நாள் அப்படி நாலு இடத்துக்குப் போன் போட்டுவிட்டு எழுத உட்காரலாம். பத்திரிகை அடிக்கிறவர்களும் சுற்றமும் நட்பும் சூழ என்பதற்குக் கீழே ஒரு வரி சேர்த்துப் போடலாம்: வாசலில் இரண்டு படி, பின்பக்கம் சாய்தளம் உண்டு, பந்தி கீழ்த்தளத்தில்.