டெக்ஸ்ட்புக் வாங்கினப்புறம் இல்ல, அதுக்கு முன்னாடியே வந்து பாருங்க

டெக்சாஸ்ல ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல (ஒரு பகுதியில இருக்குற பப்ளிக் ஸ்கூல்களை நடத்துற அமைப்பு) பாடப்புத்தகம், ஆன்லைன் பாடம் எல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுக்குற டீம்ல இருக்கேன், அதுக்கு முன்னாடி டீச்சர். ஒரு நவம்பர்ல நம்ம ஊர் அம்மா ஒருத்தங்க ஆறாம் கிளாஸ் சோஷியல் ஸ்டடீஸ் புக்கோட வந்தாங்க. இந்தியாவோட மொழி ஹிந்தின்னு ஒரே வரில முடிச்சிருந்தாங்க. "அப்போ நாம வீட்ல பேசுறது என்னம்மான்னு என் பொண்ணு கேக்குறா"ன்னு சொல்லும்போதே அவங்களுக்கு குரல் தழுதழுத்துடுச்சு. தப்புதான், பார்த்தவுடனே தெரியுது. ஆனா பல வருஷத்துக்கு காண்ட்ராக்ட் போட்டு பணமும் கட்டியாச்சு. பப்ளிஷருக்கு எழுதினோம், ஆன்லைன்ல திருத்தினாங்க, அச்சடிச்ச புக்ல அந்த வரி இன்னும் அப்படியே இருக்கு.

அதே புக்கை வாங்குறதுக்கு முன்னாடி யார் வேணா வந்து பாக்கலாம்னு மேஜை போட்டு வச்சிருந்தோம். வந்து கையெழுத்து போட்டவங்க நாலே பேர். நானும்தான் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கேன், அது இன்னும் மனசை அறுக்குது.

அமெரிக்கால சென்ட்ரல் கவர்ன்மென்ட் பாடப்புத்தகத்துல தலையிடக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. சுமார் இருபது ஸ்டேட் அப்ரூவ்டு லிஸ்ட் போடும், மத்த இடத்துல அந்தந்த டிஸ்ட்ரிக்ட்டே பாத்துக்கும். கலிஃபோர்னியால எட்டாம் கிளாஸ் வரைக்கும்தான் ஸ்டேட் லிஸ்ட், ஹைஸ்கூலுக்கு டிஸ்ட்ரிக்ட்டோட லோக்கல் போர்டே முடிவு பண்ணும்.

டெக்சாஸ்ல 15 பேர் இருக்குற ஸ்டேட் கல்வி போர்டு, எல்லாரும் நாம ஓட்டுப் போட்டு வர்றவங்க. 2023ல வந்த சட்டத்துக்கு அப்புறம் ரிவ்யூ முறையே மாறிடுச்சு, இப்ப ரிவ்யூவர் டீம் போர்டு ஒத்துக்கிட்ட அளவுகோலை வச்சு தரம் பாக்குறாங்க, ஸ்டேட் பாடத்திட்டத்துல எவ்வளவு கவர் ஆகுது, உண்மைப் பிழை இருக்கா, பிள்ளைங்க வயசுக்கு ஏத்ததான்னு எல்லாம் பாக்குறாங்க, பொதுமக்களும் படிச்சுட்டு கருத்து எழுதலாம், அப்புறம்தான் ஓட்டு. 2024 நவம்பர்ல புளூபானெட்னு ஸ்டேட்டே தயார் பண்ண பாடம் பைபிள் கதைகள் இருக்குதுன்னு பெரிய சண்டைக்கு நடுவுல 8க்கு 7ன்னு பாஸ் ஆச்சு. ஒரே ஒரு ஓட்டு! உங்க ஏரியா போர்டு மெம்பர் பேர் உங்களுக்குத் தெரியுமா? நான் கேட்ட பெற்றோர்ல முக்காவாசிப் பேருக்குத் தெரியல.

இன்னொண்ணு, ஸ்டேட் லிஸ்ட்ல வந்துட்டா எல்லா ஸ்கூலும் அதைத்தான் எடுக்கணும்னு இல்ல. லிஸ்ட்ல இருக்குறதை எடுத்தா ஸ்டேட் கூடுதலா பணம் தரும், அதனால டிஸ்ட்ரிக்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு இழுப்பு இருக்கும், ஆனா கடைசி முடிவு உங்க லோக்கல் போர்டோடது. அதனால உங்க பேச்சு எடுபடுற இடம் ரெண்டு இருக்கு.

நம்ம ஆளுங்க முன்கூட்டியே போனதே இல்லையான்னா, போயிருக்காங்க. 2005ல கலிஃபோர்னியால ஆறாம் கிளாஸ் புக்ல பண்டைய இந்தியா, ஜாதி, பெண்கள் நிலை பத்தி என்ன எழுதணும்னு இந்தியக் குடும்பங்களே ரெண்டு பக்கமா நின்னாங்க, வரலாற்று ஆய்வாளர்களும் உள்ள வந்தாங்க, மாசக்கணக்குல இழுத்துச்சு. யார் பக்கம் நியாயம்ங்கிறது இருக்கட்டும், அத்தனை பேரும் புக் அச்சாகுறதுக்கு முன்னாடி பேசினாங்க. ஃப்ளோரிடால 2022ல 132 மேத்ஸ் புக்ல 54ஐ முதல்ல ரிஜெக்ட் பண்ணாங்க, அப்புறம் பப்ளிஷருங்க மாத்திக் கொடுத்ததும் பல புக் லிஸ்ட்டுக்குள்ள வந்துச்சு. அந்த ஸ்டேஜ்ல பப்ளிஷர் வேகமா மாத்துவாங்க, ஏன்னா இன்னும் பணம் கைக்கு வரல.

கமெண்ட் எழுதுறப்போ "இந்த புக் சரியில்ல"ன்னு மட்டும் எழுதாதீங்க. நான் படிச்ச கமெண்ட்ல பாதி அப்படித்தான், வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. கிளாஸ், புக் பேர், பக்கம், அந்த வரி, ஏன் தப்பு, அதுக்குப் பதிலா என்ன இருக்கணும், இவ்வளவு போதும். டீச்சர் கைடையும் கேட்டு வாங்கிப் பாருங்க, பிள்ளைங்க புக்ல இல்லாத பல விஷயம் அதுலதான் இருக்கும்.

அந்த அம்மா போன தடவை ரிவ்யூ மேஜைக்கு ரெண்டு சாயங்காலம் வந்து உக்காந்து படிச்சாங்க, மூணு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாங்க. அதுல ரெண்டை பப்ளிஷர் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே திருத்திட்டாங்க.