மரமா, பிளாஸ்டிக்கா? ஜன்னலின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

புது வீட்டுக்கு ஜன்னல் பார்க்க வருகிறவர்கள் மாதிரித் துண்டைக் கையில் வாங்கியதும் முகப்பைத்தான் தடவிப் பார்ப்பார்கள். நிறம் பிடித்துவிட்டால் அடுத்த கேள்வி, "மரம் நல்லதா, பிளாஸ்டிக் நல்லதா?" என்பதுதான். நான் அந்தத் துண்டைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுப்பேன். இத்தனை வருஷ வேலையில் நான் கழற்றிப் போட்ட சாஷ் ஜன்னல்களில் முக்கால்வாசி கெட்டுப்போனது அடிப்பக்கத்தில்தான். மேலும் கீழும் நகர்த்தித் திறக்கிற ஜன்னல் என்பதால், மழைத்தண்ணீர் வழிந்து வந்து தேங்குகிற இடம் கீழ்ச்சட்டமும் அதற்கடியில் உள்ள படியும்தான்.

ஒரு வீட்டில் மர ஜன்னல் இறுகிக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். வெளியே நின்று பார்த்தால் குறையே தெரியவில்லை, பெயின்ட் பளபளவென்று இருந்தது. கீழ்ச்சட்டத்தின் அடி விளிம்பில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். ஈர மண்ணில் இறங்குவது போல இரண்டு விரற்கடை உள்ளே போய்விட்டது. பெயின்ட் அடித்தவர் கண்ணுக்குத் தெரிகிற பக்கங்களுக்கு மூன்று கோட் கொடுத்திருக்கிறார். அடி விளிம்புக்கு ஒரு கோட்கூட இல்லை.

மரம் மேற்பரப்பு வழியாகத் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். குறுக்கே வெட்டிய முனை வழியாக மளமளவென்று உறிஞ்சிவிடும். மூலையில் கூரும் துளையும், அதாவது ஒரு கட்டையின் நாக்கும் அது நுழைகிற குழியும், சேருகிற இடத்தில் அந்த முனைகள்தான் இருக்கின்றன. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றுவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அப்புறம் மேலே எத்தனை கோட் அடித்தாலும் உள்ளே உளுத்துக்கொண்டுதான் போகும். மரம் எடுக்கிறவர்கள் வைரம் பாய்ந்த பகுதிதானா என்று கேட்டு வாங்குங்கள். ஓரத்து வெள்ளை கலந்திருந்தால் எந்த உயர்ந்த சாதி மரமாக இருந்தாலும் சீக்கிரம் உளுத்துவிடும்.

சரி, பிளாஸ்டிக் என்றால் இந்தத் தொல்லை இல்லையே? உளுக்காது, பெயின்ட் வேண்டாம், கரையான் தொடாது. எல்லாம் உண்மைதான். ஆனால் அது வெயிலுக்கு விரியும். இந்த ஜன்னல்களைச் செய்கிற பிளாஸ்டிக்கான யூபிவிசி ஒரு மீட்டர் நீளத்துக்கு, வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் நீளும். அடர் நிறச் சட்டத்தில் விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் 40 டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். அப்படியானால் ஒரு மீட்டர் அகலத்துக்குக் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். நிலைக்கும் சுவருக்கும் நடுவே அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும். இடமே விடாமல் சிமென்ட் வைத்து அடைத்தாலோ, இடைவெளியை நிரப்புகிற ஃபோமை அளவுக்கு மீறி அடித்தாலோ நிலை உள்பக்கமாக வளையும். காலையில் சுலபமாக நகர்ந்த சட்டம் மத்தியானம் அசையாது. இந்தப் புகாரோடு வருகிறவர்கள் ஜன்னலைக் குறை சொல்வார்கள், குற்றமோ பொருத்தியதில் இருக்கும்.

பிளாஸ்டிக் நிலையின் அடியில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் உண்டு. பூச்சு வேலையின்போது சிமென்ட் சிந்தி அவை அடைந்துபோவதை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு குவளைத் தண்ணீரைக் கீழ்ப்படியில் மெதுவாக ஊற்றுங்கள். சற்று நேரத்தில் வெளிப்பக்கம் வடிய வேண்டும், உள்ளே ஒரு சொட்டும் வரக்கூடாது. முகப்பில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளையும் வேலை முடிந்த உடனே உரித்துவிடுங்கள். மாதக்கணக்கில் வெயிலில் விட்டால் பசை இறுகிப்போய், நகத்தால் சுரண்டினாலும் வராது.

எதை எடுத்தாலும் எடை விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 4 மில்லிமீட்டரில் இரண்டு கண்ணாடி வைத்தால் சதுர மீட்டருக்கு 20 கிலோ, சட்டத்தின் எடை தனி. பழைய ஜன்னல்களில் கயிறும் கப்பியும் இரும்புக் குண்டும் அந்த எடையைத் தாங்கின. இப்போது பெரும்பாலும் ஸ்பிரிங்தான். எடைக்குத் தகுந்த ஸ்பிரிங் போடாவிட்டால், பாதியில் நிறுத்திய சட்டம் தானாகக் கீழே இறங்கும். அடியில் ஒரு குழந்தையின் விரல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கீழ்ச்சட்டத்தைப் பாதி உயர்த்திக் கையை எடுங்கள். இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மாற்றித் தரச் சொல்லுங்கள், "போகப் போகச் சரியாகிவிடும்" என்ற பதிலை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், பெயின்ட் பிரஷை யார் கையில் எடுக்கப் போகிறார்கள் என்பதை வைத்துத்தான் சொல்வேன். சில வருஷத்துக்கு ஒருமுறை ஜன்னலைக் கழற்றி, சுரண்டி, நாலு விளிம்புக்கும் பெயின்ட் அடிக்க ஆள் உண்டு என்றால் மரம் எடுங்கள். உளுத்த துண்டை மட்டும் வெட்டிவிட்டுப் புது மரம் ஒட்டலாம், அதே ஜன்னல் இன்னும் ஒரு தலைமுறைக்கு ஓடும். பிளாஸ்டிக்கில் மூலை வெல்டிங் விரிந்துவிட்டால் சட்டத்தையே மாற்ற வேண்டியதுதான், இருபது வருஷம் கழித்து அதே அச்சு கிடைக்காமலும் போகலாம். ஆனால் ஏணி எட்டாத மாடி ஜன்னலுக்கோ, பராமரிக்க நேரமில்லாத வீட்டுக்கோ நான் மரத்தைச் சொல்ல மாட்டேன். கவனிப்பாரற்ற மரத்தைவிட ஒழுங்காகப் பொருத்திய பிளாஸ்டிக் எவ்வளவோ மேல்.

மரம்தான் என்று முடிவு செய்துவிட்டால், சட்டத்தை நிலையில் ஏற்றுவதற்கு முன், தச்சர் மேசையில் கிடக்கும்போதே அடி விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று பெயின்ட் படாத வெறும் மரம் தட்டுப்பட்டால், அங்கேயே நின்று பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள்.