மாயாவி கைக்கும் ஒரு தோளு வேணும்

போன முழுப்பரீட்ச லீவுக்கு அக்கா மவன் பாளையங்கோட்டைல எங்க வீட்டுக்கு வந்திருந்தான், 2011ல ஸ்பீல்பெர்க் எடுத்த டின்டின் காமிக்ஸ் படத்த போட்டுக் காட்டுனேன். பாதிப் படத்துல கேக்கான், "மாமா, புக்குல இவனுக்கு கண்ணு ரெண்டு புள்ளிதான, இதுல ஏன் மாமா நெசப் பையன் மாதிரி முழிக்கான்?" அந்தப் படம் வந்தப்பவே எனக்கும் இதே கடுப்புதான். அன்னைக்கு மழுப்பிட்டேன், இப்ப ஒழுங்கா சொல்லிப் பாக்கேன்.

பெல்ஜியம் ஓவியர் எர்ஜே 1929ல வரைய ஆரம்பிச்ச டின்டின் மூஞ்சில என்ன இருக்கு? ரெண்டு புள்ளி, ஒரு குட்டி மூக்கு, நெத்திக்கு மேல தூக்கி நிக்கிற முடி, அம்புட்டுதான். பாத்த ஒடனே மூளை 'இது படம்'னு முடிவு பண்ணிரும், மிச்சத்த நாமளே நெரப்பிக்கிடுவோம். அதே மூஞ்சிய கம்ப்யூட்டர்ல முப்பரிமாணமா செஞ்சு மேல ஒரு லைட்ட போட்டா, தோல்னு ஒண்ணு வேணும், தோல்னா துவாரம், பூனமுடி, கண்ணுல ஈரம் எல்லாம் வேணும். அதெல்லாம் வந்ததும் மூளை மனுசன அளக்குற கோல கையில எடுத்துரும். ஜப்பான்ல மாசஹிரோ மோரி ரோபோவ பத்தி 1970லயே இத எழுதிட்டாரு: பொம்மை மனுசன் மாதிரி ஆக ஆக நமக்குப் பிடிக்கும், ஆனா கிட்டத்தட்ட மனுசனாவே ஆகும்போது ஒரு எடத்துல சட்டுனு அருவருப்பு தட்டும்.

நடிப்பு எப்படி உள்ள போச்சுன்னா, அது மோஷன் கேப்சர், அதாவது நடிகரோட அசைவ கம்ப்யூட்டர்ல பதிஞ்சு பொம்மைக்கு ஏத்துறது. நடிகர் ஒடம்ப ஒட்டுன டிரெஸ் போட்டு, மேல வெளிச்சத்த திருப்பி அடிக்கிற புள்ளிகள ஒட்டிக்கிடுவாரு, சுத்தி அகச்சிவப்பு கேமரா நெறைய இருக்கும். ஒரே புள்ளிய ரெண்டு மூணு கேமரா வேற வேற கோணத்துல பாத்தா அது எங்கன நிக்கின்னு கணக்குப் போட்றலாம், நம்ம ரெண்டு கண்ணு தூரம் பாக்குற அதே வித்தைதான். மூஞ்சிக்கு தனியா தலைல மாட்டுன குட்டி கேமரா. டின்டினோட கூட்டாளி கேப்டன் ஹேடாக்கா ஆண்டி செர்கிஸ் நடிச்சது இப்படித்தான், எனக்கு டின்டின விட ஹேடாக்தான் தேறுனாரு, மூஞ்சி முழுக்க தாடி, பெரிய மூக்கு, தப்பு ஒளிஞ்சிக்க எடம் இருந்திச்சு.

ஆனா கண்ண விட பெரிய தலவலி ஒண்ணு இருக்கு. காமிக்ஸ் மூஞ்சி திரும்பாது. மிக்கி மவுஸ் காத பாருங்க, எந்தப் பக்கம் பாத்தாலும் ரெண்டு முழு வட்டம், நெசத்துல அப்படி ஒரு காது இருக்கவே முடியாது. அது ஒரு கள்ளக் கணக்கு, முப்பரிமாணத்துல வச்சா குட்டு வெளிப்பட்டுரும். பீனட்ஸ் காமிக்ஸ்ல வாற பொடியன் சார்லி பிரவுன 2015ல படமா எடுத்தவங்களுக்கும் இதே சிக்கல், அவன் தல சில கோணத்துல மட்டுந்தான் அவன் தல. அதனால மெதுவா திருப்பவே இல்ல, இந்தப் போஸ்ல இருந்து அந்தப் போஸுக்கு ஒரே வெட்டு. நம்ம பக்கம் தோல்பாவைக்கூத்து பாத்தவங்களுக்கு இது புதுசு இல்ல, பக்கவாட்டு மூஞ்சியா வெட்டுன பாவைய திரும்ப வைக்கணும்னா கூத்துக்காரர் டக்குனு பொரட்டிப் போடுவாரு, யாரும் குத்தம் சொல்ல மாட்டோம். சினிமா செகண்டுக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம் ஓடுது, ஆனா ஒரு போஸ ரெண்டு ஃபிரேமுக்கு அப்படியே நிறுத்தி 12 போஸ்ல ஓட்டுனாலும் நடுவுல உள்ளத மூளை தைச்சிக்கிடும், கையால வரைஞ்ச படத்தோட துடிப்பும் வந்துரும்.

2018ல வந்த ஸ்பைடர் வெர்ஸ் படத்துல இதையே கதையாக்கிட்டாங்க. புதுசா ஸ்பைடர்மேன் ஆன பையன் மைல்ஸ் வல வீசக் கத்துக்கிடற சீன்ல அவன் செகண்டுக்கு 12 போஸ்ல ஓடுவான், கூட வாற பழைய ஸ்பைடர்மேன் பீட்டர் 24ல, ஏன்னு தெரியாமலே பயலுக்கு இன்னும் பழகலன்னு நமக்குப் படும். இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. கலர் அச்சுல நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்புன்னு நாலு தகடு, பேப்பர் ஒரு மயிரிழை நகந்தாலும் கலர் கோட்டத் தாண்டிரும். பழைய தீப்பெட்டி லேபிள் பாத்திருப்பீங்கல்லா, சிவகாசி காலண்டர்ல முருகன் உதட்டுச் செவப்பு கன்னத்துல நிக்கும். நாம பிழைன்னு நெனச்சத அவங்க வேணும்னே போட்டாங்க: தூரத்துல உள்ளத கேமரா மாதிரி கலங்கலாக்காம, கலர மட்டும் விலக்கி வச்சாங்க. காமிக்ஸ்ல ஏது ஃபோகஸ்?

அன்னைக்கு டின்டின் படம் முடிஞ்ச பொறவு மருமவனுக்கு பரண்ல இருந்து இரும்புக்கை மாயாவிய எறக்கிக் குடுத்தேன், 1972ல முத்து காமிக்ஸ் தொடங்குனதே இவர வச்சுத்தான். ஷாக் அடிச்சா ஆளு மறைஞ்சிருவாரு, கை மட்டுந்தான் தெரியும். "இத எடுக்கது ஈசி மாமா, கை மட்டும் வரைஞ்சா போதும்"ங்கான். அங்கதான்ல சிக்கலே. கைய மட்டும் அசைச்சா பட்டம் மாதிரி அந்தரத்துல அலையும். மாயாவி எட்டு வச்சு நடக்கும்போது இடுப்பு இறங்கி, தோளு சாஞ்சு, அந்தக் கனம் வந்து கையில சேரணும், அதனால மொத்த ஆளையும் நடக்க வச்சு, கடைசில கைய மட்டும் விட்டுட்டு மிச்சத்த அழிக்கணும்.